இருபதாவது கிலோமீட்டர்

அத்தியாயம் 9

அம்மா சொல்லாத ஒன்றை அம்மா சொன்னதாக அவள் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை.

அப்பா வழக்கம்போல ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல, "உங்கம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டார். முந்தின நாள்தான் அம்மாவுக்கு அறுபது வயது முடிந்திருந்தது. அது அவருக்கு நினைவில்லை. நேற்று பூராவும் காருக்கு அடியில் படுத்திருந்ததாகச் சொன்னார். சைலன்ஸரில் ஏதோ சின்னச் சத்தமாம்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"அந்தக் கார் அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் அங்க காலடி வைக்க மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள்.

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் கால் உடைந்து கிடந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள், கால் சரியான பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

புதன்கிழமை அப்பா மறுபடி கூப்பிட்டார். புதன்கிழமை கூப்பிடுகிறவர் இல்லை அவர்.

"காரைக் குடுத்துட்டேன். பழைய கார் சேர்க்கிறவர் ஒருத்தர் பத்து வருஷமா கேட்டுட்டே இருந்தாரே, அவருக்கு. சனிக்கிழமை காலைல ட்ரெய்லர் வருது. நானூறு கிலோமீட்டர் போகணும். நீ வந்து கட்டிக் குடுக்கறியா? உன் வேலைதானே அது?"

அவள் வேலை அதுதான். சரக்கு முனையத்தில் லாரிகள் கிளம்புவதற்கு முன்னால் கட்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது. எட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு கட்டு தளர்ந்தால் என்னவெல்லாம் ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"வரேன்பா" என்று மட்டும் சொன்னாள். நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

அம்மாவிடம், "அப்பா வீட்ல ஒரு வேலை இருக்கு" என்றாள்.

"சரி" என்றாள் அம்மா. என்ன வேலை என்று கேட்கவில்லை.

*

சனிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. ட்ரெய்லர் அவளுக்கு முன்பே வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்து வந்த வண்டியின் நிழலில் டிரைவர் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலுக்கு மாட்டிவிட்டு அடுத்த காலை எடுப்பதற்குள் இரண்டு நிமிஷம் யோசித்தார்.

"என்னை எல்லாரும் அவசரம்னு கூப்பிடுவாங்க மேடம்" என்றார்.

"ஏன்?"

"பதினெட்டு வருஷத்துல ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்ல. ஆனா போன சரக்குல ஒரு கீறல் இருந்ததில்ல."

அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"வாங்க இன்ஸ்பெக்டர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். முடி வெட்டியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருஷம் இருந்த மனிதர். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அவர் சட்டையில் கிரீஸ் இல்லாத நாள் அவளுக்கு நினைவில்லை. இன்றைக்குக் கிரீஸ் இல்லை.

வீட்டுக்குள் போனாள். சமையலறை ஜன்னலில் புதுத் திரை. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. படுக்கையறையில் இரண்டு தலையணைக்கும் உறை மாற்றியிருந்தார். மடிப்புக் கோடு இன்னும் தெரிந்தது.

"ஷெட் காலியாயிட்டா பிரிச்சுடலாம், சமையல்கட்டுக்கு நல்லா வெளிச்சம் வரும்" என்றார் அப்பா, பின்னால் வந்து நின்று. "கொஞ்சம் சுண்ணாம்பு அடிக்கணும். என்ன கலர் பிடிக்கும்னு உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

அவள் தண்ணீர் குடித்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்கூட.

"முதல்ல காரைப் பார்க்கலாம்பா" என்றாள்.

*

கார் முற்றத்தில் நின்றது. அவளுக்கு எட்டு வயதானபோது வீட்டுக்கு வந்தது. வந்தபோது அதைக் கார் என்று சொல்ல அப்பா ஒருவரால்தான் முடிந்தது. சக்கரம் இல்லை, சீட் இல்லை, காரின் தரை இருக்க வேண்டிய இடத்தில் மண் தெரிந்தது. இப்போது அடர்ந்த சிவப்பில் பளபளவென்று நின்றது. எழுபது வயதுக் கார் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் குனிந்து பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"டேங்க் ஃபுல்லா இருக்குப்பா!"

"ஆமா. நேத்துதான் ரொப்பினேன்."

"எதுக்கு?"

"வெறும் வயித்தோட எப்படி அனுப்பறது?"

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

"கால்வாசிக்கு மேல இருக்கக்கூடாது. ஆட்டத்துல வழியும். பாரமும் பின்னால போயிடும். ட்யூப் இருக்கா?"

அப்பா ஷெட்டுக்குள் போய் ரப்பர் குழாயும் இரண்டு கேனும் கொண்டுவந்தார். அவளைக் குழாயை வாயில் வைக்க விடவில்லை. தானே உறிஞ்சினார். பெட்ரோல் கேனில் சலசலவென்று விழ ஆரம்பித்தது. அவர் வாயைத் துப்பிவிட்டு, கேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதிகமாப் பண்ணிட்டேன் இல்ல?"

"பரவாயில்லப்பா."

"எனக்கு எப்பவும் அளவு தெரியறதில்ல. உங்கம்மா சொல்லுவா."

அம்மா அதைச் சொன்னாளா? சொல்லியிருக்கலாம். இல்லை, அதுவும் அம்மா பெயரில் அவளே கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கலாம்.

சமையலறைக் கதவிலிருந்து ஷெட் வாசல்வரை சின்னக் காலுக்கு நாற்பது தப்படி. அந்த நாற்பது தப்படியில்தான் அவள் வளர்ந்தாள். "உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று அம்மா ஆரம்பிப்பாள். "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்று அப்பா முடிப்பார். அவர்கள் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. சண்டை போடக்கூட நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

நடக்கும்போதே சொற்களை மாற்ற அவள் கற்றுக்கொண்டாள். 'வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்' என்பது ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது, 'அம்மா உங்களுக்காகச் சாப்பிடாம இருக்காங்க' என்று ஆகியிருக்கும். 'சும்மா சும்மா கூப்பிட வேண்டாம்னு சொல்லு' என்பது சமையலறைக்குத் திரும்பும்போது, 'இதோ கை கழுவறாரு' என்று ஆகியிருக்கும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கெட்டிக்காரி என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

இத்தனை வருஷமும் நல்லதாகத்தான் மாற்றியிருந்தாள். கெட்டதாக மாற்றியது போன ஞாயிறு ஒரே ஒரு தடவை. அதை அப்பா ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார்.

கார் ட்ரெய்லரில் ஏறியதும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

*

ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

ட்ரெய்லரின் ராம்ப்பை இறக்கி, வின்ச்சின் கம்பியைக் காரின் முன் ஆக்ஸிலில் மாட்டினார்கள். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். டிரைவர் பொத்தானை அழுத்த, கம்பி ஒவ்வொரு சுற்றாகச் சுருட்டிக்கொண்டது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெல்ல ஏறியது.

"கம்பிக்கு நேரா நிக்காதே!" என்று உள்ளேயிருந்து அப்பா கத்தினார்.

"நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்றீங்க" என்றாள் அவள், விலகியே நின்றுகொண்டு.

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"சம்பளம் குடுக்கிறவங்க."

கார் நின்ற இடம் அவளுக்குத் திருப்தியாக இல்லை. இன்னும் ஒரு சாண் முன்னால் போக வேண்டும். பாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ட்ரெய்லர் சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கனத்தால் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது யார் கையிலும் இல்லை.

ஒரு சாண் முன்னால் நகர்த்தினார்கள். ட்ரெய்லரை முன்வண்டியோடு கொக்கி மாட்டிய இடம் இரண்டு விரல் தாழ்ந்தது. போதும் என்று கையைக் காட்டினாள்.

அப்பா முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஸ்டீயரிங்கின் அடியில் எதையோ கட்டைவிரலால் தேய்த்தார்.

டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கப் போய்விட்டாள்.

எட்டுக் கட்டை. வைத்து முடித்தபோது அப்பா இறங்கியிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. பெட்ரோல் வாசனை என்று சொன்னார்.

"பெல்ட்டை பம்பர்ல மாட்டிடலாமா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"பம்பர்லயா!" என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

டிரைவர் கையைத் தூக்கினார். "சும்மா கேட்டேன். பாஸ் பண்றீங்களான்னு பார்த்தேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

"அடிச்சட்டத்துல, சேஸிஸ்ல மாட்டி நல்லா அமுக்கி இழுத்துடு" என்று அப்பா முந்திக்கொண்டார். "இம்மி ஆடக்கூடாது."

"இல்லப்பா. டயரை மட்டும்தான் கட்டணும்."

"டயரையா? உடம்பு ஆடுமே?"

"ஆடட்டும்."

"முப்பத்தஞ்சு வருஷம் கம்பியில ஆளுங்களைத் தொங்கவிட்டவன் நான். எங்கிட்ட ஆடட்டும்ங்கற."

"இது லிஃப்ட் இல்லப்பா. ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. அமுக்கிக் கட்டினா, குழியில விழும்போது இன்னும் அமுங்கும். அமுங்கினதும் பெல்ட் தொளதொளன்னு ஆயிடும். நிமிரும்போது வெட்டி இழுக்கும். நாலு குழி தாண்டினா கொக்கி கழண்டுக்கும். டயர் நகராம இருந்தாப் போதும், மேல இருக்கிறது பாட்டுக்கு ஆடிட்டு வரும்."

அப்பா காரின் முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்சக்கரத்தைப் பார்த்தார்.

"எனக்கு இது தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

நான்கு டயருக்கும் மேலே அகலமான பெல்ட் போட்டு, ட்ரெய்லர் தளத்தின் வளையங்களில் கொக்கி மாட்டி, பெல்ட்டை இழுக்கும் பல்சக்கர ராட்செட்டை ஒவ்வொரு பல்லாக இறுக்கினாள். டக், டக், டக். விரலால் சுண்டிப் பார்த்தாள். பெல்ட்டின் மிச்ச நீளத்தைச் சுருட்டி முடிந்தாள். கண்ணாடிகளை மடக்கினாள். உள்ளே உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்பதால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனர், இரண்டு பல்பு, ஒரு ரேடியோ குமிழ் எல்லாவற்றையும் எடுத்தாள். பேட்டரியின் ஒயரை அப்பா கழற்றினார்.

அதற்கப்புறம் அவர் ஷெட்டுக்குள் போய் ஒரு பெரிய துணி மூட்டையோடு வந்தார். காருக்கான உறை. சாம்பல் நிறம், உள்பக்கம் மெத்தென்று ஃபிளானல். தானே தைத்தது.

"இதைப் போட்டு மூடிட்டா முடிஞ்சுது."

அவளுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "மூடக்கூடாதுப்பா."

"ஏன்? தூசி படாதா?"

"தூசி பட்டா துடைச்சுக்கலாம். காத்துல துணி படபடன்னு அடிச்சுக்கும். நானூறு கிலோமீட்டர். உள்ள மண்ணு புகுந்துட்டா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும். பெயிண்ட் போயிடும்."

"நல்ல துணிதான்."

"எவ்வளவு நல்ல துணியா இருந்தாலும்."

அவர் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் டிரைவர் இறங்கி வந்து, "குடுங்க சார், என் சீட்டு பக்கத்துல வெச்சுக்கறேன். அங்க போய் நானே போத்தி விடறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

மணி பதினொன்று.

"இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தணும்" என்று அவள் டிரைவரிடம் சொன்னாள். "முதல் இருபதுலதான் பெல்ட் இளகும். இன்னொரு தடவை இறுக்கினா அப்புறம் பயமில்ல. நான் பின்னாலயே வரேன். பார்த்துட்டுத் திரும்பிடறேன்."

"நானும் வரேன்" என்றார் அப்பா.

இருபது கிலோமீட்டர். அவளுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கார் போய்விடும்.

*

அவளுடைய சின்னக் காரில் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் ட்ரெய்லர் அறுபதில் போய்க்கொண்டிருந்தது. சிவப்புக் காரின் பின்பக்கம் அவர்களைப் பார்த்தபடியே போனது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அப்பா.

"கேளுங்கப்பா."

"உங்கம்மா அதைச் சொன்னப்ப கோபமா சொன்னாளா, சாதாரணமா சொன்னாளா?"

அவள் கியரை மாற்றினாள். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"ஏன்பா?"

"கோபமா சொல்லியிருந்தா நல்லது. கோபம் இருந்தா இன்னும் ஏதோ மிச்சம் இருக்குன்னு அர்த்தம்." வெளியே பார்த்தார். "மூணு வருஷமா ஒண்ணுமே சொல்லல அவ. வரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. தினமும் நினைச்சுப்பேன், ஏதாவது சொன்னாத்தானே ஏதாவது செய்யலாம்னு. இப்பதான் ஒண்ணு சொல்லியிருக்கா. அதைக்கூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

ஆறாவது கிலோமீட்டர்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையாப்பா?"

"எதுக்கு?"

"காரு."

"நேத்து ராத்திரி போய் சாவி இருக்கான்னு நாலு தடவை பார்த்தேன். அவ்வளவுதான்."

பதினோராவது கிலோமீட்டர். ஒரு பாலம் வந்தது. பாலத்தின் இணைப்பில் ட்ரெய்லர் ஒரு துள்ளுத் துள்ளியது. அப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியே. மேல ஆடுது, டயர் நகரல" என்றார். பெருமையாக இருந்தது அவர் குரல். "நல்லாக் கத்துக்கிட்டிருக்க."

அந்தப் பெருமை அவளுக்கு வேண்டாததாக இருந்தது. பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பதில் டிரைவர் இடது விளக்கைப் போட்டார்.

*

மூடிக்கிடந்த ஒரு டயர் கடைக்கு முன்னால் அகலமான மண்தரை. ட்ரெய்லர் அதில் ஒதுங்கி நின்றது. டிரைவர் இறங்கி, நெட்டி முறித்து, "பக்கத்துல ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் நடக்கிற வேகத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும்.

அவள் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று சரியாக இருந்தன. இடது முன்பக்கம் மட்டும் அரை விரல் தொய்ந்திருந்தது. ராட்செட்டை இரண்டு பல் இறுக்கினாள்.

அப்பா கைக்குட்டையால் பம்பரில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராட்செட்டிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள். "அப்பா, அம்மா அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"கார் இருந்தா வரமாட்டேன்னு. அம்மா சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அவர் கை நின்றது.

"அவங்க பிறந்தநாள் அன்னிக்கு. நீங்க ஒரு ஃபோன்கூடப் பண்ணல. எனக்குக் கோபம். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். கார் போகுதுன்னே அவங்களுக்குத் தெரியாதுப்பா."

"அப்ப அவ ஒண்ணும் கேக்கல."

"இல்லப்பா."

"சரி."

அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கத்தினால் அழலாம் என்று நினைத்திருந்தாள்.

"இறக்கிடலாம்பா. டிரைவர்கிட்ட நான் பேசறேன். காரை வாங்கற அந்தப் பெரிய மனுஷர்கிட்டயும் நானே பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்."

"அது இருக்கட்டும்." கைக்குட்டையை மடித்தார். நான்காக, எட்டாக. "இது ஒண்ணுதானா?"

"என்னப்பா?"

"அவ சொன்னதா நீ சொன்னது. இது ஒண்ணுதானா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்தது. அவர் அதையும் நம்பியிருப்பார்.

"இல்ல" என்றாள்.

"சின்ன வயசிலேர்ந்தா?"

"ஆமா."

"எங்கிட்டேர்ந்து அவளுக்குப் போனதும்?"

"அதுவும்தான்பா. ரெண்டு பேரும் சிரிக்கணும்னுதான்."

அப்பா ட்ரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்தார். சட்டையில் கிரீஸ் பட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் எதையோ எண்ணுவதுபோல இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தை ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இது யாருடையது, இது யாருடையது என்று பார்ப்பதுபோல.

"உனக்கு அப்ப பத்து வயசு" என்றார். "கார் ரெண்டு வருஷமா துருப்பிடிச்சுக் கிடக்குது. எனக்கு வெறுத்துப்போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெரிய தராசு. தோளில் துண்டு போட்ட மனிதர். ஷெட் வாசலில் செதில் செதிலாகத் துரு.

"நீ சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்தே. 'அம்மா சொன்னாங்க, கார் முடிஞ்சதும் நாம மூணு பேரும் கடலுக்குப் போகணுமாம். முன்சீட்டுல அம்மாதான் உட்காருவாங்களாம்'னு சொன்னே. மூச்சு வாங்குது உனக்கு. ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன்." கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவகிட்ட இதைப் பத்தி நான் பேசினதே இல்ல. முடிச்சுட்டுச் சொல்லலாம், சாவியைக் கையில குடுத்து வா போகலாம்னு சொல்லலாம்னு இருந்தேன். நான் நினைச்சேன் ரெண்டு வருஷம் ஆகும்னு. இருபது ஆயிடுச்சு. முடிஞ்சப்ப அவ இல்ல."

அவள் ராட்செட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அது யாரு சொன்னது? அவளா, நீயா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்வதற்காக இல்லை, உண்மையாகவே யோசித்தாள். ஓடி வந்தது நினைவிருந்தது. காலில் துரு குத்தியது நினைவிருந்தது. சமையலறையில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது நினைவிருந்தது. அந்த முதுகு ஏதாவது சொன்னதா என்பது மட்டும் நினைவில்லை.

"தெரியலப்பா."

"தெரியலைன்னா?"

"ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. அம்மா ஏதோ சொன்னாங்க. அதான் சொன்னாங்களா, வேற ஏதாவது சொல்லி நான் மாத்தினேனா, ஒண்ணுமே சொல்லலியா... எனக்கே தெரியல." குரல் உடைந்தது. "மன்னிச்சிடுங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஒரு மெக்கானிக் தனக்குப் பழக்கமில்லாத இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பார்வை அது.

"பத்து வயசுப் பிள்ளை" என்றார், அவளிடம் சொல்வதுபோல இல்லாமல். "பத்து வயசுப் பிள்ளை தலையில வெச்சோம்."

தூரத்தில் டிரைவர் திரும்பி வருவது தெரிந்தது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

"ஃபோனைக் குடு" என்றார் அப்பா.

"உங்களுது?"

"எங்கிட்ட இருக்கு. உங்கம்மா நம்பர் எங்கிட்ட இல்ல."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷம். அவர் கேட்டதில்லை. அவளும் கொடுக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. நாற்பது தப்படி தூரம் இவ்வளவு நீண்டும் நடுவில் அவள் ஒருத்தியே நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அம்மாவின் எண்ணை எடுத்து, போனை அவரிடம் நீட்டினாள்.

"கிளம்பலாமா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க."

"இருக்கேன் சார். எனக்கு இருக்கத் தெரியும்" என்று சொல்லி அவர் பிஸ்கட்டைப் பிரித்தார்.

அப்பா போனோடு டயர் கடையின் சுவரோரம் நடந்தார். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

மணி அடிக்கும் சத்தம் அங்கேவரை கேட்டது. நான்கு முறை. ஐந்து முறை. எடுக்காவிட்டால் என்ன செய்வார் என்று அவள் நினைத்தபோது அது நின்றது.

"என்னடி, கிளம்பிட்டியா?" அம்மாவின் குரல் தகரத்தில் தட்டியதுபோல மெலிதாகக் கேட்டது.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அவ இல்ல. நான்தான்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அப்பா. "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நடந்தது..."

கண்டெய்னர் லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. புழுதி அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது அப்பா பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.